காலியா வெச்சிருக்கச் சொன்ன அணை

எனக்கு இன்னைக்கு வரைக்கும் நீச்சல் தெரியாதுங்க ஐயா. கத்துக்க எங்க ஊர்ல தண்ணி கிடையாது. முதுகுளத்தூருக்குத் தெக்கே, பேரைச் சொன்னாக்கூட உங்களுக்குத் தெரியாது. கம்மாய் இருக்கு, பெருசாத்தான் இருக்கு. அதுக்குள்ள நாங்க கபடி விளையாடுவோம்.

அது நிறைஞ்சு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், ஆறு வயசுல. அன்னைக்கு ஊரே கலிங்குக்குக் கீழே போய் நின்னுச்சு. பொங்க வெச்சாங்க, கெடா வெட்டுனாங்க. நிறைஞ்சு கலிங்கு வழியா வழியிற தண்ணியை மறுகால்னு சொல்லுவோம். அந்த மறுகாலைப் பொம்பளைங்க சூடத்தட்டோட எதிர்கொண்டு, குலவை போட்டு, காலை நனைச்சுக்கிட்டாங்க. எங்கப்பா அழுதாரு. அவரு அழுது நான் பார்த்ததும் அந்த ஒரு தடவைதான்.

அப்படிப்பட்ட என்னைக் கப்பல் ஏத்திக் கொண்டாந்து, இந்தத் தீவுல ரங்கத்ங்கிற ஊருக்கு மேலே, மலையடிவாரத்துல ஒரு மண் அணைக்குச் சௌகிதாரா, அதான் காவக்காரனாப் போட்டாங்க. அறுபத்தி மூணுல. சின்ன அணைதான், இந்தப் பக்கம் நின்னு பீடிக்கு நெருப்புக் கேட்டா அந்தப் பக்கம் கேக்கும். ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தி சார் முதல் நாளே சொல்லிட்டாரு: "ஜம்புலிங்கம், இது வெள்ளத்தைத் தடுக்கிற அணை. எப்பவும் காலியா இருக்கணும். பெருமழை வந்தா வாங்கிக்க உள்ள இடம் வேணும். ஷட்டரை மூடவே கூடாது, புரியுதா?"

புரியுதுன்னேன். புரியலைங்க ஐயா. இந்தத் தீவுல வருஷத்துல எட்டு மாசம் மழை. அத்தனை தண்ணியும் என் கண்ணு முன்னாடி ஷட்டர் வழியா ஓடி, ஓடையில விழுந்து, உப்புத்தண்ணியோட போய்ச் சேருது. தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதேன்னு வளர்ந்தவன் நான். அணையைக் காலியா வெச்சிருக்க ஒரு ஆள் எதுக்கு? எங்க ஊர்க் கம்மாய் சௌகிதார் இல்லாமலே காலியாத்தானே கிடக்கு. மூணு வருஷம் வயித்தெரிச்சலோட பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அறுபத்தி ஆறு மே மாசம், ஓவர்சியர் சார் தங்கச்சி கல்யாணத்துக்கு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினாரு. கப்பல் கிடைச்சுப் போய், கப்பல் கிடைச்சு வர ரெண்டு மாசம் ஆகும். அவரு கிளம்புன அன்னைக்கே ஷட்டரை மூடினேன். ஒரு முழம் தண்ணி நின்னா எப்படி இருக்கும்னு பார்க்கத்தான். அழகா இருந்துச்சு. ஒரு முழம் அழகா இருந்தா ரெண்டு முழம் எப்படி இருக்கும்னு தோணாதா, நீங்களே சொல்லுங்க. அப்புறம் கலிங்குல கல்லும் களிமண்ணும் போட்டு ரெண்டு அடி உசத்திக் கட்டினேன். மேலே புல்லும் பதிச்சேன். வேலையில ஒரு குறை சொல்ல முடியாது.

கீழே ஓடைக்கரையில ஒன்பது குடும்பம். ஆறு பெங்காலி, மூணு நம்ம ஆளுங்க. குருநாதன் அண்ணன் ரங்கூன்ல இருந்து அகதியா வந்தவரு. வந்த வருஷமே வெள்ளம் அவரு வீட்டைத் தூக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் இந்த அணையே கட்டினாங்க. அவரு ஒருநாள் மேலே வந்து தண்ணியைப் பார்த்துட்டு ஷட்டர் ஏன் மூடிக் கிடக்குன்னு கேட்டாரு. ஷட்டர் துருப்பிடிச்சு இறுகிடுச்சு, ஆபீசுக்கு எழுதியாச்சு, பயம் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னேன். காக்கி போட்டவன் சொன்னா நம்புற மனுஷன். பெங்காலிக்காரங்களும் வந்து "பானி சோட் தோ, பாயி"ன்னு, தண்ணியைத் திறந்து விடச் சொல்லிக் கெஞ்சினாங்க. திறந்து விடுறேன், நாளைக்குன்னு சொல்லி அனுப்பினேன்.

ஜூன்ல நாலு நாள் விடாத மழை. அஞ்சாம் நாள் காலையில கொஞ்சம் விட்டுச்சு. போய்ப் பார்த்தா, தண்ணி கரை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிக்குது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், அதை மறைக்கல. ஆனா நிறைஞ்ச தண்ணியை எதிர்கொள்ள ஒரு ஆள் இல்லைன்னா அது பாவமில்லையா? இறங்கிப் போய் ஒன்பது வீட்டையும் நானே கூப்பிட்டேன். மறுகால் பாயப் போகுது, கலிங்குக்குக் கீழேதான் நல்லாத் தெரியும், பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்கன்னேன்.

முதல்ல தயங்கினாங்க. நான் சிரிச்ச முகமா நின்னதைப் பார்த்து வந்துட்டாங்க. குருநாதன் அண்ணன் பொண்டாட்டி ஜெயமணி அக்கா சூடத்தட்டை எடுத்துக்கிட்டாங்க. குலவை எப்படிப் போடணும்னு பெங்காலிப் பொம்பளைங்களுக்குச் சொல்லித்தரலாம்னு பார்த்தேன். தேவையே இல்லை, அவங்க நம்மளைவிட நல்லாவே போடுறாங்க. நான் மேலே கரையில போய் நின்னுக்கிட்டேன்.

தண்ணி கலிங்குப் பக்கம் போகலைங்க. நான்தான் உசத்திட்டேனே. கரை நடுவுல கொஞ்சம் தாழ்ந்த இடமாப் பார்த்து அங்கே வழிய ஆரம்பிச்சுச்சு. மண்ணு கரைஞ்சு கரைஞ்சு வேட்டி அகலத்துக்கு வந்தப்போ, குருநாதன் அண்ணன் மேலே ஓடி வந்தாரு.

"ஷட்டரைத் திறப்பா. கீழே எம் பொண்டாட்டி நிக்கிறா."

"கொஞ்சம் பொறுங்கண்ணே. பாயட்டும், பார்த்துட்டுத் திறப்போம்."

அவரு என் முகத்தைப் பார்த்தாரு. அப்புறம் கத்திக்கிட்டே கீழே ஓடினாரு. குலவைச் சத்தத்துல அவங்களுக்குக் கேக்கலை. கரை நடுவுல அப்படியே விண்டுக்கிட்டுப் போச்சு. பதினோரு பேரு. அண்ணன் ஒரு மரத்தைப் பிடிச்சுப் பிழைச்சாரு. அக்காவை நாலாம் நாள் கழிமுகத்துல, அலையாத்தி வேருக்குள்ள எடுத்தாங்க. மத்தியானம் பார்த்தா, ஓவர்சியர் சார் கேட்ட மாதிரியே அணை சுத்தமாக் காலி.

நேரம் இருந்துச்சான்னு கேக்குறீங்க. இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். அண்ணன் ஓடி வர்றதுக்கு அரை மணி முன்னாடியே தண்ணி நூல் மாதிரி வழியிறதை நான் மட்டும் பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். ஒரு குரல் கொடுத்திருந்தா அத்தனை பேரும் மேட்டுக்கு வந்திருப்பாங்க. ஷட்டர் துருப்பிடிக்கவும் இல்லை, வாராவாரம் நானே கிரீஸ் போட்டேன். திருகுற கைப்பிடி அப்பவும் என் கையிலதான் இருந்துச்சு. ஆனா எப்படிங்கய்யா திறப்பேன்? திறந்திருந்தா அவ்வளவு தண்ணியும் வீணாக் கடலுக்குல்ல போயிருக்கும்.