தாழிக்குள் ஒரு மூச்சு

— நேத்து மத்தியானம் ஒரு கோப்பை குடிச்சிட்டு, “ஆகா, நம்ம ஒயின்”னு உருகினியே மால்காஸ், அது நம்மளுது இல்ல. பக்கத்து வீட்டுக்காரன் பாத்ரியோடது.

— விளையாடாத சியாலா.

— சத்தியமா. அவன் ஒயின் தாழியைக் கழுவறதே கிடையாது. தெருமுனை வரைக்கும் நாறும். ககேதிச் சீமை முழுக்கக் கொண்டாடுற ஒயின்காரன், எம்புருஷன், அதைக் குடிச்சிட்டு “செர்ரிப்பழ வாசனை”ங்கறான்! சோதிக்கத்தான் ஊத்திக் குடுத்தேன். எப்பலேர்ந்து மூக்கு இல்ல உனக்கு?

— இரு இரு. மெதுவாப் பேசு. வெளிய ஆளுங்க இருக்காங்க.

— எல்லாரும் கூடை கழுவ ஆத்துக்குப் போயாச்சு. அடுப்பைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன், சொல்லு.

— கோடையில காய்ச்சல் வந்துச்சே, அப்போ போனது. திரும்பி வரவே இல்ல.

— அப்போ பறிச்சது, மிதிச்சது எல்லாமே குருட்டாம்போக்குலயா? எங்கப்பா குன்றுத் தோட்டத்துச் சப்பெராவித் திராட்சை மொத்தத்தையும் உன்னை நம்பித்தானே இந்தத் தாழியில கொட்டினாரு, ஐயா சாமி!

— குருட்டாம்போக்கு இல்ல. விதையைக் கடிச்சுப் பார்த்தேன். வறுத்த கொட்டை மாதிரி நொறுங்கினப்புறம்தான் பறிக்கச் சொன்னேன். காம்பு பச்சையா இருந்த கொத்தை ஒதுக்கினேன். மிதிக்கறப்போ பாதத்துல சூடு தெரியும். மேல எழும்புற திராட்சைத் தோலைக் கம்பால அமுக்கினா, எவ்வளவு இறுகியிருக்குன்னு கை சொல்லும். அப்புறம் காது.

— காதா?

— தாழி கழுத்துவரைக்கும் மண்ணுல புதைஞ்சிருக்கு, மண்டி போட்டுக் குனிஞ்சாத்தான் உள்ள நுரைக்கிற சத்தம் கேக்கும். மொதல்ல ஓட்டுமேல மழை பெய்யற மாதிரி. அப்புறம் கல்யாணக் கூட்டம் பேசிக்கிட்டே கலையற மாதிரி. இப்போ தூங்குற குழந்தையோட மூச்சு. எழுப்பாம விட்டிருக்கேன். நான் செய்யறது எப்பவுமே அவ்வளவுதான் சியாலா.

— பேச்சுக்குக் குறைச்சல் இல்ல. ஏன் மறைச்சே?

— ஊருக்குத் தெரிஞ்சா யாரு எனக்குப் பழம் குடுப்பாங்க?

— ஊரு கிடக்கு. நான் யாரு உனக்கு?

— உங்கிட்ட சொன்னா நிஜமாயிடும்னு பயம். கனவுல எல்லா வாசனையும் வருது, தெரியுமா? மூடியைத் தள்றேன். நனைஞ்ச மண்ணும் பழமுமா வாசனை கிளம்பி, அலசானிப் பள்ளத்தாக்கு முழுக்க நிரம்புது. நான் அதுல மிதந்து போறேன், கீழ திராட்சைக்கொடி எல்லாம் ஆடுது. முழிச்சா வெறும் காத்து.

— அழாத. நாளைக்குத் திபிலிசியிலேர்ந்து ஒயின் வாங்கற அந்த அம்மா ருசி பார்க்க வராங்க. என்ன செய்யப் போறே?

— வர வேண்டாம்னு சொல்லிடறேன்.

— வாயை மூடு. தாழியைத் திற. அந்தச் சுரைக்குடுவையைக் குடு, நானே மொண்டு பார்க்கறேன்.

— கெட்டிருந்தா பொய் சொல்லக் கூடாது.

— நான் என்னைக்கு உங்கிட்ட இனிப்பாப் பேசியிருக்கேன்? நகரு.

— என்ன? இன்னொரு மடக்கு எதுக்கு? புளிச்சிடுச்சா? மூஞ்சியைத் திருப்பாத சியாலா!

— போன வருஷத்து ஒயின் மாதிரி இல்ல.

— முடிஞ்சுது.

— முழுசாக் கேளேன். போன வருஷத்துது வந்தவங்க எல்லாரையும் பார்த்துச் சிரிச்சுது. இது யாரையும் பார்க்கல. தனக்குத்தானே பாடிக்கிட்டிருக்கு. இது மாதிரி ஒண்ணை நீ போட்டதே இல்ல மால்காஸ்.

— என் தலைமேல அடிச்சுச் சொல்லு.

— அடிக்கத்தான் போறேன், மறைச்சதுக்கு. கிட்ட வா. தோள்ல சாஞ்சுக்கோ. எனக்கு வர்ற வாசனையை ஒண்ணொண்ணாச் சொல்றேன். நாளைக்கு அந்த அம்மாகிட்ட உள்ளதைச் சொல்லிட்டு, ரெண்டு பேருமா ஊத்திக் குடுப்போம். கறுப்புச் செர்ரி. ஈரக் கல்லு. அப்புறம், இரு, காஞ்ச அக்ரூட் இலை...

— புகை.

— இல்லையே. நல்லா மோந்து பார்த்துட்டுத்தானே சொல்றேன், இதுல ஏது புகை?

— ஒயின்ல இல்ல சியாலா. உன் தலைமுடியில.