பொதினாவுக்கு எத்தனை டிகிரி?

— டம்ளருக்க அடியில முட்டாம பிடியும், கிருஷ்ணன்குட்டி. தண்ணிக்கு நடுவுல நிக்கணும்.

— எனக்கு பயமா இருக்கு தேவகுமார் சாறே. ஸ்கூலுக்கு இந்த ஒரு தெர்மாமீட்டரு தான் உண்டு. உடைஞ்சா பியூண் உடைச்சான்ணு தானே எழுதுவாவ?

— சயன்ஸ் வாத்தியாரு நான் பொறுப்பு. பிடியும்.

— பிடிக்கேன். பக்ஷே எனக்கு ஒண்ணு மனசிலாவல்ல. நவம்பர் ஒண்ணு முதல் நம்ம பக்கம் ரெண்டாப் பிரிஞ்சு கேரளம் வேற, மதராசு வேற. எந்த சர்க்காருக்க கீழ வேலைண்ணு ஒரு வரி எழுதித் தாரும், மூணு மணி பஸ்ஸுல நெய்யாற்றின்கரை ஆபீஸ்ல கொண்டு குடுக்கணும்ணு சாறுட்ட வந்தா, சயன்ஸ் சாறும் தையல் டீச்சரும் சேந்து ரெண்டு டம்ளரும் ஒரு கட்டு பொதினாவும் எடுத்து வச்சிட்டு இருக்கீங்க!

— அதை நான் சொல்லுதேன், கேளும். நேத்து மோருல பொதினாவை கசக்கிப் போட்டு இவருக்குக் குடுத்தேன். குடிச்சிட்டு, "பாத்தியா சத்தியபாய், பொதினா மோரைக் குளிர வச்சிட்டு"ண்ணாரு. மோரு இருந்தபடி தான் இருக்கு, ஒமக்க நாக்குக்குத் தான் குளிருதுண்ணு நான் சொன்னேன். உடனே பிடிச்சாரு பந்தயம்.

— நான் ஜெயிச்சா இந்த பாறசாலையில, எங்க அப்பன் கட்டின வீட்டுல இருப்போம். அவ ஜெயிச்சா புது எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், மதராசுல சேருத மார்த்தாண்டத்துல, அவளுக்க அம்மை வீட்டுக்குப் பக்கத்துல.

— எனக்க பகவதியே! சர்க்காரும் கமிட்டியும் வருஷக்கணக்கா மல்லுக்கட்டி, ஊர்வலமும் தடியடியுமா கிடந்த காரியத்தை நீங்க பொதினாவுல தீக்கப் போறீங்களா?

— தடியடி வாங்கின ஆளு இந்தா நிக்காரு. முதுகைக் காட்டச் சொல்லும்.

— முதுகு இருக்கட்டும். ரீடிங்கைச் சொல்லும்.

— வெறுந்தண்ணி... பாரன்ஹீட்டுல எண்பத்திரெண்டு.

— நல்லது. துடைச்சிட்டு பொதினா டம்ளர்ல வையும். அதுலயும் எண்பத்திரெண்டே தான் இருக்கும், பாரும்.

— சாறே, சாறு ஜெயிக்கணும்ணா அது கொறைய வேண்டாமா?

— ஆ... கொறையும், கொறையும். ஒரு பேச்சுக்குச் சொன்னேன். வையும்.

— எண்பது... எழுபத்தெட்டு... அய்யோ ஓடுது சாறே! எழுபத்தஞ்சு. நிண்ணாச்சு. சாறு ஜெயிச்சு!

— அல்லேலூயா! தோத்தேன், தோத்தேன்! கேரளம்ணு எழுதும். இந்தா பேனா.

— நில்லு. அது நடக்காது.

— என்ன நடக்காது? நீரு தானே ஜெயிச்சீரு?

— ஏழு டிகிரியா? எட்டு இலைக்கா? அப்படியானா ஐஸ் பேக்டரிக்காரன் எல்லாம் மிஷினை வித்துட்டு பொதினா நட்டிருப்பானே!

— குளிர வைக்கும்ணல்லே சாறு நேத்து சொன்னது?

— நேத்து சொன்னேன். இண்ணைக்குச் சொல்லுதேன், வைக்காது! எட்டாம் கிளாஸ்ல வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு செஞ்சு காட்டுத ஆளாக்கும் நான். அது நாக்கை ஏமாத்தும், அம்புட்டு தான்.

— கிருஷ்ணன்குட்டி, இதைப்போல எங்கயாவது கண்டிருக்கீரா? ஜெயிச்சவரு அழுதாரு, தோத்தவ சிரிக்கேன்.

— எனக்கு தலை சுத்துது டீச்சர். அந்த மோரு மிச்சம் உண்டா?

— டம்ளரை இஞ்ச தா சத்தியபாய். தொட்டாலே குளிருதே... இது எந்தத் தண்ணி?

— கெணத்துத் தண்ணி.

— ரெண்டுமா?

— ரெண்டும் கெணத்துத் தண்ணி தான். ஒண்ணு வாளியில இருந்தது. ஒண்ணு... புது மண்பானையில இருந்தது.

— எட்டீ கள்ளி!

— நான் கள்ளியானா நீரு யாரு? குளிர வைக்காதுண்ணு நல்லாத் தெரிஞ்சிட்டு, வைக்கும்ணு பந்தயம் பிடிச்சது எதுக்கு?

— தோக்கத்தான். ஒனக்காக. மார்த்தாண்டம் பஸ்ஸு போவும்போ எல்லாம் நீ கண்ணைத் தொடைக்கியே, அதைப் பாத்து எனக்கு மனசு கேக்கல்ல.

— அது பஸ்ஸுக்க புகையாக்கும்! நான் பானைத் தண்ணி ஊத்தினதும் ஒமக்காகத் தான். "கோடு எங்க விழுந்தாலும் தேவகுமார் இந்த மண்ணை விட்டு அசையமாட்டான்"ணு சந்தை முக்குல மைக்கைப் பிடிச்சிட்டு விளிச்சீரே. அந்த வாக்கு பொய்யாவப்பிடாதேண்ணு...

— போதும், போதும், எனக்கு கண்ணு நிறையுது! சாறு டீச்சருக்காக போவாரு, டீச்சரு சாறுக்காக இருப்பாவ. அப்போ ரெண்டு பேருக்கும் எங்கண்ணாலும் சம்மதம். பேப்பரைத் தாரும், நான் கண்ணை மூடிட்டு ஏதாவது ஒண்ணை எழுதுதேன். பஸ்ஸு போயிரும்.

— தொடப்பிடாது!

— கையை எடும் கிருஷ்ணன்குட்டி!

— ஏன்?

— நீரு பாட்டுக்கு மதராசுண்ணு எழுதிப்போட்டா?

— நீரு பாட்டுக்கு கேரளம்ணு எழுதிப்போட்டா?

— ஓஹோ. அப்போ சாறுக்கு நெசமாவே போகணும்?

— பின்னே? இங்க எனக்க தமிழ் மீடியம் கிளாஸ்ல பதினோரு பிள்ளைகளாக்கும் மிச்சம். அதுலயும் ரெண்டெண்ணம் உறங்கும். மார்த்தாண்டத்துல கிளாஸுக்கு அறுபது பேரு. ஆனா மைக்குல அப்படி விளிச்சவன் எந்த மூஞ்சியை வச்சிட்டு பெட்டியைத் தூக்குவேன்? பெண்டாட்டிட்ட பந்தயத்துல தோத்துப்போனேன்ணா ஊரு ஒரு நாளு சிரிச்சிட்டு விட்டிரும்.

— எனக்காகண்ணு சொன்னீரே, மனுஷா!

— நீயும் ஒமக்காகண்ணு தானே சொன்னே?

— அங்க நான் ஆறு அண்ணன்மாருக்கு கடைசித் தங்கச்சி. குடையை எடுத்தா எங்க போறேண்ணு ஆறு மதினிமாருக்கும் பதில் சொல்லணும். இங்க ரோட்டுல இறங்கினா டீச்சரு வாறாண்ணு சைக்கிள்காரன் ஒதுங்குதான். நான் இங்கேருந்து அசையமாட்டேன், அனங்கமாட்டேன்.

— நீ அனங்காம எங்ஙன? நான் எந்தப் பக்கம்ணு எழுதுதேனோ, ஒனக்கும் அந்தப் பக்கம் தானே?

— அதைக் கிருஷ்ணன்குட்டிட்ட கேளும்.

— என்னை ஏசப்பிடாது சாறே. டீச்சரும் சர்க்காரு சம்பளக்காரியல்லே? கேரளம்ணு எழுதி டீச்சரு தந்த பேப்பரை போன வெள்ளிக்கிழமையே நான் கொண்டு குடுத்தாச்சு, சீலும் விழுந்தாச்சு.