பூரணி திருப்பிக் கேட்ட மிலாறு

ஆம், அந்த மிலாற்றைக் கொடுத்தது நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளவும்.

எனது பெயர் மருதை பூரணி. வயது 31. விலாசம் கொத்மலை, வட்டப்பாறைத் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் இலக்க லயம். கொழுந்து பறிக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மகள் தனுஷிகா, வயது பத்து, ஐந்தாம் வகுப்பு.

கடந்த விஜயதசமி அன்று மகளைக் கணேசமூர்த்தி மாஸ்டரின் மாலை வகுப்பில் சேர்த்தேன். எங்கள் தோட்டத்தில் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர் வெற்றிலை, தேங்காயுடன் தட்டில் ஒரு மிலாறும் வைப்பார்கள். செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையில் அடுப்புக்குப் பொறுக்கும் தேயிலைக் குச்சிதான். நேரானதாகப் பார்த்து எடுத்து, தோல் சீவி, மஞ்சள் பூசிக் கொண்டுபோனேன். "கண்ண மட்டும் விட்டுட்டு மத்தத நீங்க பாத்துக்கங்க மாஸ்டர்" என்றேன். எல்லோரும் சொல்வது. என்னைச் சேர்த்தபோது என் அப்பா சொன்னது. மாஸ்டர் அதில் மகளின் பெயரை எழுதி ஒட்டிக் கதவுக்குப் பின்னால் வைத்தார். அதன் பின்னர் நான் அதை மறந்துவிட்டேன்.

இம்மாதம் நான்காம் திகதி மகள் இடது கையால் சோறு சாப்பிட்டாள். ஏன் என்று கேட்டதற்குப் பழகுவதாகச் சொன்னாள். அதன் பின்னர் வலது கையை விரித்துப் பார்த்தேன். நான்கு கோடுகள். நடுவிரல் வீங்கி நகம் கறுத்திருந்தது. பின்னக் கணக்கில் நான்கு பிழை, அதற்கு மாஸ்டர் நான்கு அடி. மறுநாள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்து, எலும்பில் வெடிப்பு என்றார்கள்.

அதன் பின்னர் ஆறாம் திகதி மாலை வகுப்புக்குப் போனேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும் தோட்டத் தலைவர் சின்னராசாவும் நின்றனர். மாஸ்டர் கதவுக்குப் பின்னாலிருந்து எனது மிலாற்றை எடுத்துக் காட்டினார்.

"கம்பும் நீங்கதான் குடுத்தீங்க, பேச்சும் நீங்கதான் குடுத்தீங்க. இப்ப என்னாங்க?"

நுனி நார் நாராகக் கிழிந்திருந்தது. ஒரு நாளில் அப்படிக் கிழியாது.

தலைவர், "இந்தாம்மா, பொலிசுக்குப் போனா மொதல்ல ஒன்னயத்தான் உள்ள தூக்கிப் போடுவாங்க. கோயில்ல ஒரு தேங்காய ஒடச்சு முடிச்சுக்குவோம்" என்றார்.

பயந்தேன். மகளை நானும் இரண்டு முறை அடித்திருக்கிறேன், ஒருமுறை கரண்டியால். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. எழுதிக்கொள்ளவும்.

அதன் பின்னர் கையை நீட்டினேன். "அன்னிக்கு சொன்ன பேச்ச எல்லார் முன்னுக்கும் திருப்பி எடுத்துக்கிறேன். தூக்கிப் போட்டா போடட்டும் தலைவரே. மிலாறக் குடுங்க மாஸ்டர்." மாஸ்டர் கொடுத்தார்.

அதன் பின்னர் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா முன்னால் வந்தார். "எம் மகனோடதையும் குடுங்க மாஸ்டர். நாளைக்கு ரொட்டி சுட வெறகில்ல."

பிள்ளைகள்தான் முதலில் சிரித்தார்கள். அதன் பின்னர் பெற்றோர் ஒவ்வொருவராக வந்தார்கள். தலைவர் தன் பேத்தியினுடையதைக் கடைசியாக எடுத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் சுவர் மட்டும் இருந்தது.

இன்று இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, நானும் குற்றவாளியா என்று கேட்டேன். பிள்ளையைத் திருத்தத் தாய்க்கு உரிமை உண்டு, காயப்படுத்த இல்லை, அடித்தவர் உங்கள் பேச்சைக் காட்டித் தப்ப முடியாது என்று அதிகாரி சொன்னார். என்னிடம் இல்லாத உரிமையைத்தான் அன்று தட்டில் வைத்திருக்கிறேன். இன்னொரு முறை சொல்லும்படி கேட்டேன். சொன்னார்.

முறைப்பாட்டை வாபஸ் பெற மாட்டேன். வகுப்பு நடக்க வேண்டும். மாஸ்டர் கணக்கு நன்றாகச் சொல்லித் தருவார். கம்பில்லாமல் சொல்லித் தரட்டும்.

இது முழுவதும் தமிழில் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் அறிந்ததும் செய்ததும் இவ்வளவே. எனக்கு எதிரானதையும் நானே சொன்னேன்.

ஒப்பம்: ம. பூரணி

ஒப்பமிட்ட பின்னர் பூரணி மிலாற்றைச் சான்றுப் பொருளாக ஒப்படைத்தார். வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த மகளைக் கூட்டிக்கொண்டு, மூன்றரை மணி பஸ்ஸில் மாஸ்டரின் மாலை வகுப்புக்குப் போனார்.