பன்னிரண்டாவது நட்சத்திரம்

எனக்கு வயது பத்தொன்பது. அச்சகத்துக்கு மேல் மாடியில் பெற்றோருடன் குடியிருக்கிறேன். இணையத்தில் என்னை ‘நட்சத்திரப் பைத்தியம்’ என்பார்கள். ஓவியம் யாரிடமும் படித்ததில்லை. எல்லாம் கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்ததுதான்.

ஓவியக்கூடத்தில் உள்ள இம்ப்ரெஷனிச இரவு வானப் படத்தில் நட்சத்திரங்கள் பன்னிரண்டு அல்ல, பதினொன்றுதான், ஓரத்தில் இருப்பது ஈ எச்சம் என்று என் பக்கத்தில் எழுதினேன். அதற்கு ஒருவர், "நேர்ல பாக்காமலே இந்த அளப்பா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை நேரில் போனேன். கயிற்றுக்கு இப்பால் நின்றால் தெரியவில்லை. எனக்குப் பார்வை மங்கல் என்று காவலாளியிடம் பொய் சொன்னேன். அவர் கயிற்றைத் தூக்கிவிட்டு, "வாம்மா. இங்க எல்லாரும் படத்துக்கு முதுகக் காட்டி செல்ஃபிதான் எடுக்கறாங்க, நீயாவது பாரு. தும்மிடாத, என் வேலை போயிடும்" என்றார்.

கிட்டத்தில் ஒவ்வொரு நட்சத்திரமும் வெண்ணெய் அப்பியதுபோல் மேடாக இருந்தது. அது எந்தப் புகைப்படத்திலும் தெரியாது. கொஞ்ச நேரம் சண்டையே மறந்துவிட்டது. அதன் பிறகு, சத்தம் போட்ட பள்ளிப் பிள்ளைகளை அதட்ட அவர் திரும்பியபோது, ஓரத்துப் புள்ளியை நகத்தால் சுரண்டினேன். எச்சமென்றால் பொடியாகியிருக்கும். வண்ணச் செதிலாக வந்தது. மேலே மஞ்சள், அடியில் வெள்ளை. அந்த இடத்தில் படத்துணியின் நெசவு தெரிந்தது. செதிலைக் கைப்பேசி உறைக்குள் மறைத்தேன்.

அதன் பிறகு பேருந்து நிறுத்தத்தில் நின்று, "பதினொண்ணுதான். சொன்னேன்ல?" என்று, அங்கே எடுத்த புகைப்படத்தோடு பதிவிட்டேன். கிண்டல் செய்தவர் மன்னிப்புக் கேட்டார். அதற்கு இதயக்குறி போட்டேன்.

அந்தப் புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஓவியக்கூட நிர்வாகம் சேதத்தைக் கண்டுபிடித்து, காவலாளியை வேலையிலிருந்து நிறுத்தியது. இன்று காலை அங்கே போனேன். வாசல் பெஞ்சில் சீருடை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "அவ்ளோ ஆசையா பாத்தியேம்மா! அன்னிக்குக் காலைல சட்டத்தத் தொடச்சேன். என் துணி பட்டுத்தான் உதிர்ந்திருக்கும். மன்னிச்சிரும்மா" என்றார்.

நான், "பரவாயில்லண்ணா" என்றேன்.

அதன் பிறகு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன். செதிலை ஒப்படைத்துவிட்டேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டினார். ‘கை தவறிப் பட்டு’ என்று இருந்தது. திருத்தச் சொன்னேன். "பெரிய கேஸ் ஆயிடும்மா" என்றார். ‘நகத்தால் சுரண்டி’ என்று திருத்திய பிறகே கையொப்பமிடுகிறேன். இதிலுள்ளவை அனைத்தும் நான் சொன்னவை, நடந்தவை. அவருடைய துணி படத்தில் எங்கும் படவில்லை.

(கையொப்பம்)