ஐம்பத்தஞ்சு இஞ்சு அப்பா

பேட்டை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். புது டிவி வாங்கியவர் ஜன்னலோரம் இருந்தார்.

“ஐம்பத்தஞ்சு இஞ்சு, அண்ணாச்சி. அப்பாவ இறக்கினாத்தான் மாட்ட முடியும்னு கடைக்காரன் சொல்லிட்டான்.”

“சுவத்துல இருந்த படத்தையா?”

“ஆமா. அம்மா விடமாட்டேன்னுட்டாவ. பொறவு, டிவி சும்மா இருக்க நேரம் அப்பா படம் வார மாதிரி செட் பண்ணியாச்சு. முன்னயவிட பெருசால்லா இருக்காரு.”

“பொறவென்ன, அம்மைக்கு சந்தோஷம்.”

“சந்தோஷந்தான். அப்பா படத்துல கெடந்த சந்தன மாலைய எடுத்து டிவிக்குப் போட்டுட்டாவ. கழட்டவே விடமாட்டேங்காவ.”

“கெடக்கட்டும் வே. பாக்கதுக்கு மறைக்கா?”

“மறைக்கல. நேத்து செய்தியில ஒரு மந்திரி பேசிட்டிருந்தாரு. பக்கத்து வீட்டு அத்தை உள்ள வந்து பாத்துட்டு, ‘ஐயோ பாவம், இவரு எப்ப தவறினாரு’ன்னு கேக்காவ.”