சுருதி சொல்ல ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் பஸ். முன்சீட்டு இளைஞனின் மடியில் சின்ன கிட்டார் போல ஒன்று இருந்தது. பக்கத்தில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண்.

“இதக் கடையில மாத்தப் போறேங்க்கா. தப்பா வாசிச்சா சொல்றதுக்கு ஆள் இல்ல” என்றான் அவன்.

“அதென்னா தம்பி, கிட்டாரா?”

“யூகுலேலி பேஸுங்க்கா. உருவம் சின்னது, சத்தம் மட்டும் அடித்தொண்டையில வரும். மத்ததுல எல்லாம் கழுத்துல குறுக்க கம்பி பதிச்சிருப்பாங்க. அதப் பாத்து விரல வெச்சா சுருதி தன்னால வந்துரும். இதுல அந்தக் குறுக்குக் கம்பி இல்ல. காதாலதான் கண்டுபிடிக்கணும்.”

“அப்பறம் ஏன் இத வாங்குன?”

“ரூம்ல கூட இருந்த செந்தில் நல்லாப் பாடுவான். ‘இதையே வாங்குடா, சுருதி வெலகுனா நான் சொல்றேன்’னான். தெனம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து சொல்லவும் செஞ்சான். போன மாசம் அவனப் புனே பிளான்ட்டுக்கு மாத்திட்டாங்க.”

“போன்ல வாசிச்சுக் காட்றதுதான?”

“காட்டுனேங்க்கா. நல்லாருக்குன்னான். வேணும்னே தப்பா வாசிச்சேன். அதுக்கும் நல்லாருக்குன்னான்.”

 அந்தப் பெண் கேட்டார்:

“குறுக்குக் கம்பி வெச்சது வாங்கிட்டா அவன் வேண்டியதில்லையா?”

“வேண்டியதில்லீங்க்கா. அதுக்குத்தான் மாத்தறேன்.”