மூணு குஞ்சும் ஒரு பூப்போட்ட நைட்டியும்

— போனைக் கொஞ்சம் மேல தூக்குங்க மாஸ்.

— குஞ்சைப் பாக்கணும்னுதானே மினி கூப்பிட்டே? குஞ்சு கீழதான் இருக்கு. பாரு, மூணும் எப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்கன்னு. நம்ம கல்யாணப் பந்தியில உங்கப்பா உக்காந்திருந்த மாதிரியே இல்ல?

— எங்கப்பாவை விடுங்க. போனைத் தூக்குங்க.

— எப்படிடி தூக்குறது? ஒரு கையில கரண்டி, ஒரு கையில கிளிக்குஞ்சு. போனை அரிசி டப்பா மேல சாய்ச்சு வச்சிருக்கேன்.

— இப்போ குறுக்கால ஒரு துணி போச்சு. பச்சையில செவப்புப் பூ.

— மேசை விரிப்பு.

— மேசை விரிப்பு எந்திரிச்சுப் போயி கூழைக் கிண்டுதா?

— லைன் சரியில்லைன்னு நெனைக்கிறேன். தைவான்ல மழையா?

— தைவான்ல நல்ல வெயில். நான் சம்பளத்துக்குப் பாத்துக்கற வயசான பெரியம்மா இப்போதான் கண்ணசந்திருக்கு. அது முழிக்கறதுக்குள்ள எனக்குப் பதில் வேணும். வீட்டுல யாரு இருக்கா?

— நானும் மூணு குஞ்சும். ஆத்தாக்காரி கூண்டுல இருக்கா. பெத்த புள்ளைங்க முதுகைக் கொத்தி ரத்தமாக்கிட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி தினை கொறிச்சுக்கிட்டிருக்கா. அதனாலதானே இந்த வயசுல நான் ஆத்தா வேலை பாக்கறேன்.

— காசியெம் அக்கா போன் பண்ணா.

— அந்தப் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்னவாம்?

— விடிகாலையில நம்ம கிணத்தடியில ஒரு பொம்பளை நிக்கறாளாம். பூப்போட்ட நைட்டி. முதுகு மட்டும்தான் தெரிஞ்சுதாம். நல்லாக் கொழுத்த பொம்பளைன்னு சொன்னா.

— கொழுத்தன்னா சொன்னா?

— ஆமா.

— அவ கண்ணுல கொள்ளியை வைக்க! கொஞ்சம் பூசின உடம்புன்னு சொன்னா வாய் சுட்டுடுமா?

— அப்போ இருக்கா.

— யாரு?

— பூசின உடம்பு.

— மினி, நான் என்ன சொல்ல வந்தேன்னா…

— நான் சொல்றதைக் கேளுங்க. சாயங்காலம் ஏஜெண்டு வர்றான். இன்னும் மூணு வருஷம் இங்கேயே இருக்கேனா, இல்ல பெருநாளுக்கு ஊருக்கே வந்துடறேனான்னு இன்னிக்குச் சொல்லியாகணும். நாம என்ன பேசி வச்சிருந்தோம்?

— மொதல் தடவை பொரிக்கிற குஞ்சு பொழைச்சா நீ வந்துடறே. ரெண்டு பேரும் கிளி வளத்துப் பொழைச்சுக்கலாம். செத்துப்போச்சுன்னா இன்னும் மூணு வருஷம்.

— குஞ்சு பொழைச்சிடுச்சு. சந்தோஷம். ஆனா இன்னொருத்தி நைட்டி போட்டுக்கிட்டுத் திரியற வீட்டுக்கு நான் எதுக்கு வரணும்? நம்ம ஊரு துலுங்காகுங் பக்கத்துல பொண்டாட்டியைத் தைவானுக்கு அனுப்பிட்டு வேற ஒருத்தியைக் கூட்டி வச்சுக்கிட்டவன் எத்தனை பேருன்னு பேரு பேராச் சொல்லட்டுமா?

— வேண்டாம். அதுல ரெண்டு பேரு எங்க பெரியப்பா பசங்க.

— அப்போ ரத்தத்துலயே இருக்கு.

— அல்லா மேல ஆணையாச் சொல்றேன், அது எங்க அக்காடி. ரெண்டு நாளைக்குத் தங்கிட்டுப் போகலாம்னு வந்திருக்கா.

— உங்க அக்கா சுரபாயால மருமவளுக்கு ஏழாம் மாச விருந்து வச்சுக்கிட்டிருக்கா. இப்போதான் படம் போட்டிருக்கா. மஞ்சச் சோத்துக் கோபுரத்துக்குப் பக்கத்துல பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறா. வேற அக்கா இருக்காளா?

— சரி. சொல்றேன். சிரிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— சிரிக்கற நெலமையிலயா நான் இருக்கேன்?

— சத்தியம் பண்ணுடி.

— சத்தியம்.

— இந்தா, போனை எடுக்கறேன். நல்லாப் பாத்துக்கோ.

— இது என் நைட்டி. யாரு இவ? முகத்தைக் காட்டச் சொல்லுங்க. என் நைட்டியை எடுத்துப் போட்டுக்கிட்டு… ஐயோ.

— மீசை தெரியுதா?

— ஐயோ அல்லா.

— சத்தியம் பண்ணியிருக்கே. ஞாபகம் வச்சுக்கோ.

— மாஸ்! நீங்களா! இருங்க, இருங்க. வாயைப் பொத்திக்கறேன். பெரியம்மா முழிச்சுக்கும். யம்மா, வயித்தை வலிக்குது.

— கக்கத்துல கொஞ்சம் கிழிஞ்சு போச்சு. தச்சுக் குடுத்துடறேன்.

— எதுக்கு இந்தக் கோலம்?

— எல்லாம் இந்தப் பாவிங்களாலதான். கண்ணு தொறந்தப்போ இதுங்க மொதல்ல பாத்தது இந்தப் பூவை. அவ்வளவுதான், இதுதான் ஆத்தான்னு முடிவு பண்ணிடுச்சுங்க. வெள்ளிக்கிழமை தொழுதுட்டு வந்து, சட்டையும் தொப்பியுமா கரண்டியை நீட்டினேன். பேயைப் பாத்த மாதிரி மூணும் மூலைக்கு ஓடிருச்சுங்க. இரைப்பை காத்துப்போன பலூன் மாதிரி சுருங்கிக் கெடக்குது, வாயைத் தொறந்தாத்தானே? உள்ளே போயி நைட்டியை மாட்டிக்கிட்டு வந்தேன். தத்தித் தத்தி ஓடி வருதுங்க, ரெக்கையை ஆட்டிக்கிட்டு. அந்தத் தொப்பியைக் கழட்ட மறந்துட்டேன். அப்படியேதான் ஊட்டினேன்.

— இதை நான் நம்பறேன்.

— நம்பறியா?

— இந்தப் பெரியம்மாவும் இப்படித்தான். நீல மேல்சட்டை போட்டாத்தான் கஞ்சிக்கு வாயைத் தொறக்கும். அது அவங்க மவளோடதாம். மவ வர்றதே இல்ல.

— பாரு. நீ அங்கே கரண்டி, நான் இங்கே கரண்டி. நல்ல குடும்பம். ஜாவாக்காரன்னா அஞ்சு இருக்கணும்னு சொல்வாங்கல்ல, வீடு, பொண்டாட்டி, குதிரை, குறுவாள், பறவைன்னு? என் கதையைக் கேளு. குதிரைக்குப் பதிலா பஞ்சராப்போன மோட்டார் சைக்கிள். குறுவாளுக்குப் பதிலா ஓரம் மடிச்ச கரண்டி. பறவை மூணும் உரிச்ச கோழி மாதிரி கெடக்குது. பொண்டாட்டி தைவான்ல. வீடு ஒண்ணுதான் மிச்சம். அதுவும் உங்கப்பா கட்டினது.

— கூழைச் சூடு பாத்தீங்களா?

— மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன். அப்புறம் நாக்குல.

— நாக்குல எதுக்கு?

— ருசி பாக்கத்தான். வாழைப்பழ வாசனை. நல்லாத்தான் இருக்கு.

— அதான் கூழ் மாவு டப்பா அவ்வளவு சீக்கிரம் தீந்து போச்சா?

— குஞ்சுக்கு ஒரு கரண்டி, எனக்கு ஒரு கரண்டி. அதான் காசியெம் கொழுத்த பொம்பளைன்னு சொல்லியிருக்கா.

— வேற யாராவது பாத்தாங்களா?

— காய்கறி விக்கற பய பாத்தான். முதுகைத்தான். ‘அக்கா, கீரை வேணுமா?’ன்னான். திரும்பினா மானம் போயிரும். குரலை ஒடுக்கிக்கிட்டு, ‘ஒரு கட்டு வேலியில வச்சுட்டுப் போப்பா’ன்னேன். வச்சுட்டுப் போனான். மேல ஒரு பிடி பச்சை மிளகாய் கொசுறு. இத்தனை வருஷமா அவன்கிட்ட வாங்கறேன், மீசைக்கு ஒரு மிளகாய் கொடுத்ததில்ல.

— போதும் மாஸ். இனிமே சிரிச்சா எனக்கு மூச்சு நின்னுடும்.

— அப்போ ஏஜெண்டுகிட்ட வர்றேன்னு சொல்லிடறியா?

— இருங்க. ஒண்ணு இடிக்குது.

— என்ன இடிக்குது?

— குஞ்சு பொரிச்சா பத்து நாளைக்குக் கண்ணே தொறக்காது. கண்ணு தொறக்கறப்போ நீங்க ஏற்கெனவே நைட்டியிலதான் இருந்தீங்க. சரிதானே? கண்ணு தெரியாத குஞ்சுக்கு நைட்டி என்ன, கோணி என்ன? அப்போ ஏன் போட்டீங்க?

— போட்டுக்க கைலி இல்லடி.

— கைலி இல்லையா?

— இருந்த ஒரே நல்ல கைலி அந்த நீலக் கட்டம் போட்டது. நீ போன அன்னிக்கே கொடியில இருந்து மாயமாப் போச்சே. காசியெம் மவன்தான் அடிச்சிருப்பான். இன்னமும் நான் அவன் மூஞ்சியில முழிக்கறதில்ல.

— அந்தக் கைலிக் கதையை விடுங்க. மத்த கைலியெல்லாம்?

— ஈரமாக் கெடந்துச்சு. மழை.

— மழையா? கிணத்துல வாளி தரை தட்டுதுன்னு நேத்துதானே அழுதீங்க?

— மழைன்னா… தொவைச்சுப் போட்டிருந்தேன். அப்புறம் ஒண்ணைக் குஞ்சுக்கு விரிச்சுட்டேன், குளிருமேன்னு.

— குஞ்சு இருக்கற பேசின்ல தெரியறது உமி. உமிக்குக் கீழே என் பழைய துண்டு. பக்கத்துல பல்பு. கைலி எங்கே?

— நீ போலீசுல சேந்திருக்கணும். சரி, உண்மையைச் சொல்லிடறேன். கூழ் மேல தெறிக்குது. நல்ல சட்டை எதுக்குப் பாழாகணும், பழைய துணிதானேன்னு எடுத்துப் போட்டேன்.

— பழைய துணி இல்ல மாஸ்.

— பின்னே?

— புதுசு. ஒரே ஒரு நாள் போட்டுத் தொவைச்சேன். கொடியில காயட்டும்னு விட்டுட்டு, அவசரத்துல மறந்துபோய் வண்டி ஏறிட்டேன். இப்போ காட்டினீங்களே, பூவெல்லாம் வெளுத்து, கழுத்து இழை பிரிஞ்சு, தோள்பட்டை நைஞ்சு கெடக்குது. தினம் போட்டுத் தினம் தொவைச்சாத்தான் துணி அப்படி ஆகும். குஞ்சு பொரிச்சு ஒரு மாசம்கூட ஆகலையே?

— கூழ் ஆறுது மினி. ஆறின கூழ் கொடுத்தா இரைப்பையில புளிச்சுடும்னு நீதானே சொல்லுவே.

— வேற கலக்கிக்கலாம். சொல்லுங்க.

— சொன்னா நீ சிரிப்பே.

— சத்தியம் பண்ணியிருக்கேன்ல.

— அந்தச் சத்தியத்தை நீ அப்பவே முறிச்சாச்சு.

— மாஸ்.

— சொல்றேன். உன்னை வண்டி ஏத்திவிட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். கொடியில இது ஆடிக்கிட்டு இருந்துச்சு. மடிச்சு வைப்போம்னுதான் எடுத்தேன், அல்லா மேல ஆணையா. தொவைச்சதுக்கப்புறமும் உன் வாசனை இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. தலைமாட்டுல வச்சுப் பாத்தேன், வரல. போட்டுக்கிட்டேன், வந்துருச்சு. மறுநாளும் அப்படித்தான். அப்புறம் பழகிப் போச்சு. குஞ்சுங்க பொரிச்சப்போ விடிகாலையில எந்திரிச்சு ஓடுறேன், மேல இருக்கறதைக் கழட்டணும்னே தோணல. பாவம், அதுங்க மேல பழியைப் போட்டுட்டேன். இதான் உன் புருஷன். எங்க பெரியப்பா பசங்க பொண்டாட்டி இல்லாதப்போ இன்னொருத்தியைத் தேடினானுங்க. நான் என்னையே ஒருத்தியா ஆக்கிக்கிட்டேன். என்னடி, அழறியா? சிரிக்கறியா? போன் நின்னு போச்சா?

— இருக்கேன்.

— பின்னே ஏதாவது சொல்லு. திட்டவாவது செய்.

— காசியெம் அக்கா மவனைப் பாத்தா இனிமே ரெண்டு வார்த்தை பேசுங்க. அவன் எதையும் எடுக்கல. நீலக் கட்டம் கொஞ்சம் வெளுத்துப் போச்சு, ஓரம் கிழிஞ்சிருக்கு. பெருநாளுக்கு வர்றப்போ நானே கொண்டாந்து கொடுத்துடறேன்.